நோய் எது, மருந்து எதற்கு?



புதுவையின் பழைய எல்லையைப் பற்றி எங்கள் உழவர்கரைப் பெரியவர்கள் பல செய்திகள் சொல்வதுண்டு. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் புதுவை நிலம் ஒரே பரப்பாக இருக்கவில்லை. ஆங்கிலேயர் ஆண்ட தென்னார்க்காட்டு மாவட்டத்தினுள் அது திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடந்தது. ஒரு வயல் பிரெஞ்சு நிலம். வரப்பைத் தாண்டினால் ஆங்கில நிலம். முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே சிறிது தொலைவு நடந்தால் கோட்டக்குப்பம். அங்கே காவலர் வேறு, சுங்கம் வேறு, நீதிமன்றம் வேறு. மக்கள் மட்டும் வேறல்லர். அதே தமிழ், அதே திருவிழா, அதே கொள்வினை கொடுப்பினை.

சட்டமும் வேறாக இருந்தது. அச்சட்ட வேறுபாடுகளுள் ஒன்றையே இன்றைய பேச்சுக்குத் தோற்றுவாயாகக் கொள்கிறேன். நாணத்தின் காரணமாகப் பள்ளிகளில் நாம் பேசாது விட்ட பொருள் அது. பேசாமையால் விளைந்த துன்பத்தைக் கண்டவன் ஆதலின், இப்போது பேசுகிறேன்.

ஆணுக்கு ஆணிடத்தும், பெண்ணுக்குப் பெண்ணிடத்தும் தோன்றும் காதல் உணர்வைத் தன்பாலீர்ப்பு என்று இக்காலத் தமிழில் வழங்குகிறோம். 1860-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றி, 1862-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, இவ்வுணர்வின்வழி நிகழும் உடலுறவை இயற்கையின் ஒழுங்குக்கு மாறானது என்று கூறி, ஆயுட்காலத் தண்டனை வரையிலும் விதிக்க இடம் தந்தது. பிரெஞ்சு நாட்டிலோ, பெரும் புரட்சிக்குப் பின் 1791-இல் எழுதப்பட்ட தண்டனைச் சட்டம், மனமொத்த இருவர் தனிமையில் கூடுவதைக் குற்றங்களின் வரிசையிலிருந்தே விட்டுவிட்டது. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819-இல் புதுவைக்கு வந்தன. ஆகவே, கோட்டக்குப்பத்தில் சிறைக்குரியதாக இருந்த செயல் முத்தியால்பேட்டையில் குற்றமே அன்று.

புதுவை 1954-இல் இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படியான இணைப்பு 1962-இல் நிறைவேறிற்று. அதன்பின் 1963-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் புதுவைக்கும் விரிவாக்கப்பட்டது. அதனோடு 377-ஆம் பிரிவும் வந்து சேர்ந்தது. அந்நியர் ஆட்சி நீங்கிய பின்னரே அந்நியர் எழுதிய அப்பிரிவு எங்கள் உழவர்கரைக்கு வந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. இயற்கை என்பது வரப்புக்கு இப்புறம் ஒன்றாகவும் அப்புறம் மற்றொன்றாகவும் இருத்தல் கூடுமா? 1962-இல் இயற்கையாக இருந்தது 1963-இல் செயற்கையாகிவிடுமா? இவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பிரெஞ்சு நிலத்தில் இத்தகையோர் இன்புற்று வாழ்ந்தனர் என்று நான் கூற வரவில்லை. சட்டம் விட்டாலும் ஊர் விடவில்லை, வீடும் விடவில்லை. பிரெஞ்சு நாட்டிலேயே 1942-இல் வயது வரம்பில் ஒரு வேற்றுமை புகுத்தப்பட்டு, 1982-இல்தான் நீக்கப்பட்டது. அன்றியும், ஐரோப்பாவில் நீதிபதியின் கையிலிருந்த கோலுக்குத் துணையாக மருத்துவரின் கை வேறொன்றை எடுத்தது. முன்னர்ப் பாவம் என்றும், பின்னர்க் குற்றம் என்றும் சொல்லப்பட்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோய் என்று பெயர் பெற்றது. 1886-இல் கிராஃப்ட்-எபிங் என்னும் மனநல மருத்துவர் எழுதிய பெருநூல் இக்கொள்கையைப் பல நாடுகளுக்கும் பரப்பிற்று.

நோய் என்று சொன்னால் மருந்து தேட வேண்டுமல்லவா? தேடினார்கள். செர்மனி நாட்டு மருத்துவர் ஷ்ரெங்க்-நோட்சிங் மனோவசியத்தால் ஒருவரை மாற்றிவிட்டதாக 1889-இல் பாரிசு மாநகரில் கூடிய மாநாட்டில் அறிவித்தார். வியன்னாவில் சிலர், பிறருடைய விரைச் சுரப்பியை அறுவை முறையால் ஒட்டிப் பார்த்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெறுப்பூட்டும் முறை பரவியது. நோயாளி எனப்பட்டவரிடம் ஆடவர் படத்தைக் காட்டுவர். அதே வேளையில் வாந்தி மருந்தை ஊசியால் ஏற்றுவர், அல்லது கையிலும் காலிலும் மின்னதிர்ச்சி கொடுப்பர். அழகிய முகத்தைக் கண்டால் குமட்டலும் அச்சமும் நினைவுக்கு வர வேண்டும் என்பது இதன் நோக்கம்.

இக்காலத்தில் துன்புற்றவர்களுள் உலகம் நன்கறிந்த ஒருவர் ஆலன் டூரிங். கணிப்பொறிக் கலைக்கு அடிகோலியவர். இரண்டாம் உலகப் போரில் செர்மானியரின் மறைமொழியை உடைக்கும் பணியில் பெரும்பங்கு கொண்டவர். 1952-இல் இங்கிலாந்து நீதிமன்றம் இவரைத் தண்டித்தது. சிறைக்குப் போகிறீரா, ஓராண்டுக் காலம் பெண்மைச் சுரப்பி மருந்தை ஏற்றுக்கொள்கிறீரா என்ற நிலை இவர்முன் வைக்கப்பட்டது. மருந்தை ஏற்றார். அவர் உடல் மாறுதலுற்றது, உள்ளம் மாறவில்லை. 1954-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள், தம் 41-ஆம் வயதில் மறைந்தார். தற்கொலை என்று விசாரணை மன்றம் முடிவு கூறிற்று. அந்நாட்டு அரசு 2009-இல் வருத்தம் தெரிவித்தது. 2013-இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார். யார் யாரை மன்னிப்பது என்று கேட்கத் தோன்றுகிறதன்றோ? அந்த சூன் 7-ஆம் நாளை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் அது மீண்டும் வரும்.

மருத்துவ உலகம் முழுவதும் கண்மூடிக் கிடந்தது என்று எண்ணிவிடலாகாது. மாற்ற முயன்றோரை மறுத்தவர்களும் மருத்துவர்களும் உளவியலாரும் ஆகிய அறிஞர்களே. அவர்களுள் சிலரை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்ட், 1935-இல் அமெரிக்கத் தாய் ஒருவருக்கு எழுதிய மடலில், மகனின் இயல்பு நாணத்தக்கதும் அன்று, இழிவும் அன்று, நோயென வகுக்கத்தக்கதும் அன்று என்னும் கருத்தைத் தெரிவித்தார். மாற்றித் தருவதாக உறுதி கூற அவர் உடன்படவில்லை.

செக்கோஸ்லோவாக்கியாவில் குர்ட் ஃபிராய்ண்ட் என்பவர் 1950-களில் வாந்தி மருந்து முறையைத் தாமே கையாண்டவர். ஆனால் அவர் நேர்மையான அறிவியலார். மருந்து கொடுத்ததோடு நின்றுவிடாமல், மருந்து பெற்றவர்களின் பிற்கால வாழ்வையும் தொடர்ந்து பார்த்து எண்ணிக் கணக்கிட்டார். மாற்றம் நிலைக்கவில்லை என்று கண்டார். கண்டதை ஒளிக்காமல் வெளியிட்டார், முறையைக் கைவிட்டார், தண்டனைச் சட்டத்தை நீக்க வேண்டும் என்றும் வாதாடினார். 1961-இல் அந்நாடு தன் சட்டத்தைத் திருத்தியது. தம் கையாலேயே செய்த சோதனை தோற்றது என்று ஒப்புக்கொள்ளும் துணிவு எல்லாருக்கும் வாய்ப்பதன்று.

அமெரிக்க உளவியலார் எவலின் ஹூக்கர் அம்மையார் வேறொரு வழியில் ஆராய்ந்தார். அதுவரையில் மருத்துவர்கள் பார்த்தவர்கள் எல்லாரும் சிறையிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ வந்தவர்கள். துன்பத்தில் இருந்தவர்களை மட்டுமே பார்த்துவிட்டு, அவர்கள் இயல்பே துன்பத்துக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட்டனர். அம்மையார், சிகிச்சை நாடாது அமைதியாக வாழ்ந்த தன்பாலீர்ப்பினர் 30 பேரையும், மற்ற ஆடவர் 30 பேரையும் தேர்ந்தார். வயதிலும் கல்வியிலும் அறிவுத்திறனிலும் ஒத்தவர்களாக இணை சேர்த்தார். அனைவருக்கும் ஒரே வகை உளவியல் சோதனைகள் நடத்தி, விடைகளைப் பெயரின்றி வல்லுநர்களிடம் கொடுத்து, யார் எவர் எனப் பிரித்துக் காட்டுமாறு கேட்டார். வல்லுநர்களால் பிரிக்க இயலவில்லை. 1957-இல் இவ்வாராய்ச்சி அச்சாயிற்று. நோய் என்றால் அறிகுறி வேண்டும். அறிகுறியே இல்லாதபோது நோய் எங்கே?

இத்தகைய சான்றுகளும், தன்பாலீர்ப்பினர் நடத்திய போராட்டமும் சேர்ந்து, 1973-ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கியது. 1990-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவையும் அவ்வாறே செய்தது.

மீண்டும் மாற்ற முடியும் என்று ஒரு குரல் எழுந்தது. அது வியப்புக்குரிய இடத்திலிருந்து வந்தது. 1973-இல் பட்டியலிலிருந்து நீக்கும் பணியில் முன்னின்ற ராபர்ட் ஸ்பிட்சர் என்னும் அறிஞரே, 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 200 பேரைத் தொலைபேசி வழியாக வினவியதாகவும், அவர்களுள் பலர் மாறியதாகக் கூறியதாகவும் எழுதினார். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மாற்றும் இயக்கங்களின் வாயிலாகவே கிடைத்தவர்கள். அவர்கள் சொன்ன சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழுவும் இல்லை. முதுமையில் ஸ்பிட்சர் இதனை உணர்ந்தார். 2012-இல் தம் ஆராய்ச்சியின் குறையை ஒப்புக்கொண்டு, அதனை நம்பிக் காலத்தையும் உழைப்பையும் இழந்தவர்களிடம் மன்னிப்பு வேண்டினார். இதற்கு முன்னர், 2009-இல், அமெரிக்க உளவியற் சங்கத்தின் குழு 83 ஆராய்ச்சிகளை அலசிப் பார்த்து, இம்முயற்சிகள் வெற்றி பெறுவதற்கு வாய்ப்பில்லை, தீங்கு விளைக்கக்கூடும் என்று முடிவு கூறியிருந்தது.

ஏன் வெற்றி பெறவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அச்சுறுத்தினால் மனிதன் ஒரு செயலைச் செய்யாமல் நிறுத்திக்கொள்வான், மறைக்கவும் கற்றுக்கொள்வான். விருப்பம் வேறு, செயல் வேறு. பள்ளியில் பிரம்புக்கு அஞ்சி வாய்பொத்தி உட்கார்ந்த மாணவனுக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று எண்ணும் ஆசிரியரின் பிழையும் இதுவே. அமைதியைக் கண்டு அறிவு வந்ததாகக் கருதுவது போல, அச்சத்தைக் கண்டு குணம் வந்ததாகக் கருதிவிட்டனர்.

இப்போது நம் நாட்டிற்கு வருவோம். அதற்கு முன்னர் என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றது 1980-களின் தொடக்கத்தில். அமெரிக்க மருத்துவர்கள் பட்டியலைத் திருத்திப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் கையிலிருந்த உளவியல் நூலோ, நடத்தைப் பிறழ்ச்சிகள் என்னும் தலைப்பின்கீழ்த் தன்பாலீர்ப்பையும் அடக்கியிருந்தது. அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். அந்தக் காலத்தில் இந்திய மனநல இதழ்களிலும், மின்னதிர்ச்சியால் பாலீர்ப்பை மாற்ற முயன்ற கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன.

ஆண்டுகள் சென்றன. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், மேல்நிலை வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தையார் என்னைக் காண வந்தார். மகன் மற்றொரு மாணவனுக்கு எழுதிய கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். அவர் குரலில் சினத்தைவிட அச்சமே மிகுதி. "ஊருக்குத் தெரிந்தால் என்ன செய்வேன், சார்?" என்றார். நான் படித்த நூலை நம்பி, "நல்ல மருத்துவரிடம் காட்டுங்கள், சரியாகிவிடும்" என்று சொன்னேன். ஆறுதல் சொல்வதாகவே எண்ணினேன். பையனை ஒரு மருத்துவரிடமும், பின்னர் மந்திரிப்பவர் ஒருவரிடமும் அழைத்துப் போனார்கள். வகுப்பிலேயே நல்ல மாணவன். அவ்வாண்டு தேர்வு எழுதவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டேன். வேற்றூரில் பணியில் இருந்தான். மரியாதையோடு பேசினான். "அப்பா நலமா?" என்று கேட்டேன். "தெரியாது ஐயா. அப்போதிலிருந்து பேச்சு இல்லை" என்றான். அவன் இயல்பு மாறவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த உறவுதான் போயிற்று. அதைப் போக்கிய முதற்சொல் என் வாயிலிருந்து வந்தது.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. மருத்துவம் செய்யப் புகுமுன், நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் ஆராய்ந்து தெளிய வேண்டும் என்பது அங்கே கூறப்படும் முறை. வகுப்பில் எத்தனையோ முறை நான் அதற்குப் பொருள் உரைத்திருக்கிறேன். நோய் உண்டா இல்லையா என்று ஆராயாமலே மருந்துக்கு அனுப்பியபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

மாற்றும் மருத்துவத்துக்கு நம் நாட்டுச் சட்டமும் துணை நின்றது. டில்லியில் ஒரு மருத்துவமனையில் இத்தகைய சிகிச்சைக்கு உட்பட்ட ஒருவர் சார்பாக 2001-இல் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டபோது, ஆணையம் அதை விசாரணைக்கு ஏற்கவில்லை. 377-ஆம் பிரிவு நடைமுறையில் இருந்ததே அதற்குத் தடையாயிற்று. குற்றவாளி எனப்படுபவன் தன்னை வதைத்தவர்மீது எவ்வாறு முறையிடுவான்? டில்லி உயர்நீதிமன்றம் 2009-இல் அப்பிரிவின் கடுமையை நீக்கியது. 2013-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018-ஆம் ஆண்டு சூலையில் இந்திய மனநல மருத்துவர் சங்கம், தன்பாலீர்ப்பு மனநோய் அன்று என்று வெளிப்படையாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய ஆயம், வயது வந்தோர் மனமொத்துக் கூடுவது குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் 377-ஐ ஒத்த பிரிவு எதுவும் இல்லை.

குற்றம் என்னும் பெயர் நீங்கிற்று. நோய் என்னும் பெயர் வீடுகளில் நீங்கவில்லை. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தைச் சேர்ந்த 21 வயது மாணவி ஒருவர் இறந்தார். தம்மை வலிந்து மருத்துவத்துக்கு உட்படுத்தி அடைத்து வைத்ததாக அவர் அதற்கு முன் பதிவு செய்திருந்தார். கேரள உயர்நீதிமன்றத்தில் இதுபற்றி வழக்கு எழுந்தது.

அடுத்த ஆண்டு, நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வந்த வழக்கே இவ்வரலாற்றின் திருப்புமுனை. 1962 முதல் புதுவையும் இந்த நீதிமன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்டதே. மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர், ஒருவரையொருவர் விரும்பி, சென்னைக்கு வந்து வாழலாயினர். பெற்றோர் தம் மகளிரைக் காணவில்லை என்று காவல் நிலையங்களில் முறையிட்டனர். காவலர் தொல்லையிலிருந்து காக்குமாறு இருவரும் நீதிமன்றத்தை அணுகினர்.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். அவர் செய்த செயல் நீதிமன்ற வரலாற்றில் அரிதானது. பெண்களையும் பெற்றோரையும் உளவியலாரிடம் அனுப்பினார். பெண்கள் தம் உறவைத் தெளிவாகவே அறிந்திருக்கின்றனர் என்றும், பெற்றோரை வருத்துவது ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சமே என்றும் தெரிய வந்தது. பிறகு நீதிபதி தம்மையே நோக்கினார். இப்பொருள் பற்றித் தமக்குப் போதிய அறிவு இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். தாமும் உளவியலாரிடம் பாடம் கேட்க விரும்புவதாக 2021 ஏப்ரல் 28-ஆம் நாள் ஆணையில் குறிப்பிட்டு, அவ்வாறே கேட்டார். தீர்ப்பு எழுதும் இடத்தில் இருப்பவர் மாணவராக அமர்ந்தார். நாற்பது ஆண்டுகளாக ஒரு பழைய நூலை நம்பியிருந்த எனக்கு, அச்செய்தியைப் படித்தபோது தலை குனிந்தது.

2021-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள் ஆணை பிறந்தது. டூரிங் மறைந்து சரியாக 67 ஆண்டுகள் ஆகியிருந்தன. காணாமற்போனவர் எனத் தேடப்படுவோர் வயது வந்தவர்களாயும் தம் விருப்பப்படி வாழ்பவர்களாயும் இருப்பின், காவல்துறை வாக்குமூலம் பெற்று முறையீட்டை முடித்துவிட வேண்டும் என்று நீதிபதி பணித்தார். பாதுகாப்பு இல்லங்கள், காவலர்க்கும் நீதித்துறையினர்க்கும் பயிற்சி, பள்ளி கல்லூரிப் பாடங்களில் மாற்றம், பெற்றோர்க்கு அறிவுரை எனப் பல வழிகளை வகுத்தார். அவற்றுள் தலையாயது ஒன்று: ஒருவருடைய பாலீர்ப்பையோ, திருநர் ஒருவருடைய பால் அடையாளத்தையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வது தடை செய்யப்பட வேண்டும், அவ்வாறு செய்யும் மருத்துவர்மீது, தொழில் உரிமத்தைப் பறிப்பது வரை நடவடிக்கை எடுக்க வேண்டும். திருநர் தாமே விரும்பிப் பெறும் மருத்துவ உதவியை இத்தடையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. தடை செய்யப்பட்டது ஒருவரை அவர் அல்லாத வேறொருவராக ஆக்கும் முயற்சியே.

அந்த ஆணையின் விளைவுகள் தொடர்ந்து வந்தன. 2022-இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில், இத்தகையோரைத் துன்புறுத்தலாகாது என்னும் விதி சேர்ந்தது. இழிசொற்களுக்கு மாற்றாக மதிப்புடைய தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. 2022 ஆகஸ்டு 25-ஆம் நாள் தேசிய மருத்துவ ஆணையம், பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை மருத்துவரின் தொழில் ஒழுக்கத்துக்கு மாறான குற்றம் என்று எல்லா மாநில மருத்துவ மன்றங்களுக்கும் எழுதிற்று. எங்கள் ஊரில் இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உடைய குடும்பங்கள் உண்டு. அந்தப் பிரெஞ்சு நாடும் அதே 2022-ஆம் ஆண்டு சனவரியில் இம்முயற்சிகளைத் தடை செய்து, இரண்டாண்டுச் சிறையும் 30,000 யூரோ தண்டமும் விதித்தது. வரப்பின் இருபுறமும் ஒருவழியாக ஒரே நியாயம் வந்தது எனலாம்.

எனினும் பணி முடிந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. 2024 ஆகஸ்டு இறுதியில் அதே தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில், பெண் தன்பாலீர்ப்பு இயற்கைக்கு மாறான பாலியல் குற்றம் என்னும் பழைய தலைப்பின்கீழ் மீண்டும் இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்ததும் செப்டம்பர்த் தொடக்கத்தில் அதைத் திரும்பப் பெற்றனர். பழம்பிழை ஒன்று பாடநூலுக்குள் எத்துணை எளிதில் திரும்பி நுழைகிறது, பார்த்தீர்களா? 2025 மே 22-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் மற்றொரு பெண்ணை விடுவித்தது. 25 வயதுடைய அவர், தாம் விரும்பிய பெண்ணிடமிருந்து பிரிக்கப்பட்டு வீட்டில் அடைக்கப்பட்டார். இயல்பானவராக ஆக்குவதற்கென்று சில சடங்குகளுக்கும் உட்படுத்தப்பட்டார். ஆட்கொணர்வு மனுவை விசாரித்த நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், அவர் விரும்பியவரோடு செல்ல உரிமை உண்டு என்றனர். திருமணம் ஒன்றினால் மட்டுமே குடும்பம் அமைவதில்லை என்றும் கூறினர். மருத்துவர் கைவிட்டதை மந்திரிப்பவர் எடுத்துக்கொள்கிறார் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

சிலர் வினவுவர்: ஒருவர் தாமே மாற விரும்பினால் அதைத் தடுக்கலாமா என்று. நல்ல வினாவே. ஆனால் அவர் ஏன் மாற விரும்புகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். தாய் அழுவாள், தந்தை அடிப்பார், நண்பர் நகைப்பர், வேலை போகும் என்ற அச்சமே அவ்விருப்பத்தை உண்டாக்குகிறது. அச்சத்துக்கு மருந்து அச்சத்தைப் போக்குவதே. நல்ல உளவியலார் அதைச் செய்வார். பொய்யான உறுதிமொழி கொடுத்துப் பணம் பெறுபவர் அதைச் செய்யமாட்டார்.

மற்றும் சிலர், இவையெல்லாம் மேல்நாட்டுப் புதுமைகள் என்பர். நாம் இதுகாறும் கண்ட வரலாறு அதற்கு விடை. 377-ஆம் பிரிவு கப்பலில் வந்தது. நோய் என்னும் கொள்கை ஐரோப்பாவிலிருந்து வந்தது. மின்னதிர்ச்சி முறையும் அவ்வழியே வந்தது. கடல் கடந்து வந்தவை தண்டனையும் மருந்துமே. அன்பு எல்லா நாட்டிலும் உள்ளது.

மாணவர்களே, உங்களுக்கு நான் கூற விரும்புவது இதுதான். குணப்படுத்திவிட்டேன் என்று எவரேனும் கூறினால், ஹூக்கர் அம்மையார் கேட்ட முறையில் கேளுங்கள். முதலில், நோய் என்பதற்குச் சான்று என்ன? எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தீர்கள்? எத்தனை பேர் இடையிலேயே விலகினர்? எத்தனை ஆண்டுகள் கழித்துப் பார்த்தீர்கள்? இவ்வினாக்களுக்கு விடை இல்லையெனில் அது மருத்துவம் அன்று.

உங்கள் வகுப்பில் உள்ள தோழனோ தோழியோ தன் இயல்பை உங்களிடம் நம்பிக்கையோடு சொன்னால், அதை ஊரறியச் செய்யாதீர்கள், நகையாடாதீர்கள், திருத்தவும் புறப்படாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அதுவே போதும். உங்களுள் யாரேனும் அத்தகைய உணர்வோடு தனியே வருந்திக்கொண்டிருப்பின், உங்களிடத்தில் திருத்த வேண்டிய குறை எதுவும் இல்லை என்பதை இம்முதியவன் சொல்லக் கேளுங்கள். மனச்சுமை தாங்க இயலாதபோது 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல உதவித் தொலைபேசி உண்டு, தமிழிலேயே பேசலாம்.

அன்று அந்தத் தந்தையார் என் அறைக்கு வந்தபோது, மருத்துவரிடம் போங்கள் என்பதற்கு மாறாக, "உங்கள் மகன் நல்ல பிள்ளை, அவனோடு பேசுங்கள்" என்று நான் சொல்லியிருக்கலாம். சில சொற்கள்தாம். அவற்றைச் சொல்ல எனக்கு அப்போது அறிவு இல்லை. உங்களுக்கு இப்போது இருக்கிறது. நாளை நீங்கள் ஆசிரியர் ஆவீர்கள், மருத்துவர் ஆவீர்கள், தாயும் தந்தையும் ஆவீர்கள். அச்சத்தோடு ஒருவர் உங்கள் முன் வந்து நிற்கும் நாளில், அச்சொற்களைச் சொல்ல மறவாதீர்கள்.